தாய்வழி எழுதாத வரலாறு: அம்பாறைக் கரைச் சோனகர் பற்றிய ஆய்வுகள்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று, பொத்துவில் ஊர்களின் முஸ்லிம்களான சோனகரைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பகுதி ஒரே கேள்வியைச் சுற்றியே வந்திருக்கிறது: இவர்கள் எங்கிருந்து வந்தவர்கள்? 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், சோனகர் இஸ்லாத்தைத் தழுவிய தமிழரே என்று கொழும்பில் கட்டுரை வாசித்தார். 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அரபு வம்சத்தை முன்வைத்து அதை மறுத்து எழுதினார். சோனகருக்குச் சட்டசபையில் தனிப் பிரதிநிதித்துவம் வேண்டுமா என்ற கேள்வி அந்த விவாதத்தின் அடியில் கிடந்தது. இந்தக் கரையின் கரைவாகுப்பற்றில் நெல் விதைத்த போடியார் (நிலக்கிழார்) யாரும் அதில் பேசவில்லை.

ஊர் மேடைகளில் அடிக்கடி கேட்பது 1626 என்ற ஆண்டு. போர்த்துக்கேயர் முஸ்லிம்களை மேற்குக் கரையிலிருந்து துரத்தினர். கண்டி மன்னன் செனரத் அவர்களை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான். 4,000 பேர் என்கிறார் போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் கெய்றோஸ் பாதிரியார். இதையே தொடக்கமாகக் கொள்வது சரியல்ல. எப்.எக்ஸ்.சி. நடராசா 1962இல் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியம், திமிலர் சாதியினரோடு பொருத முக்குவர் சாதியினருக்குத் துணைநின்ற பட்டாணியர் என்ற முஸ்லிம்களைப் பற்றிப் பேசுகிறது. காலத்தை நிறுவ அந்நூல் உதவாது. கரையிலே நிலைத்திருந்த நினைவுக்கு அது சான்று.

இந்தத் துறையைத் திருப்பியவர் மானுடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே. அக்கரைப்பற்றில் நெடுங்காலம் களப்பணி செய்து 2008இல் அவர் வெளியிட்ட பெருநூல், தமிழருக்கும் சோனகருக்கும் பொதுவான குடிமுறையை விரிவாகக் காட்டுகிறது. குடி என்னும் குலம் தாய்வழியாகவே வருகிறது. வீடு மகளுக்குச் சீதனம். மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருகிறான். பள்ளிவாசல் நிர்வாகிகளான மரைக்காயர்களும் குடிவாரியாக அமைந்தார்கள். இதிலிருந்து நான் பெறும் முடிவு இது: கப்பலேறி வந்தவனும் துரத்தப்பட்டு வந்தவனும் ஆணாக இருக்கலாம். அவனுக்கு ஊரும் வீடும் குடியும் கொடுத்தவள் பெண். இராமநாதனும் அஸீஸும் தேடியது தந்தையின் பயணத்தை. தாயின் இருப்பை அந்த விவாதத்தில் யாரும் தேடவில்லை.

அரசின் வரைபடமும் இந்தக் கரைச் சமூகத்தைக் காணவில்லை. கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் குடியேற்றங்களுக்குப் பின், 1961இல் மட்டக்களப்பின் தென்பகுதி தனி மாவட்டமானது. மாவட்ட நிர்வாக அலுவலகமான கச்சேரி, கரையிலிருந்து விலகிய உள்நாட்டு அம்பாறையில் அமைந்தது. தேர்தல் மாவட்டத்துக்குத் திகாமடுல்ல என்று பெயர். 2012 குடிசன மதிப்பீட்டில் மாவட்டத்தின் 43 வீதத்தினர் சோனகர். கரையோரத்துக்குத் தனி மாவட்டம் வேண்டும் என்ற கோரிக்கை இந்த மாவட்ட எல்லைக் கோட்டிலிருந்தே எழுந்தது. அதை வெறும் கட்சி அரசியல் என்று ஒதுக்கும் கட்டுரைகளோடு எனக்கு உடன்பாடில்லை.

மாவட்ட எல்லைகள் ஒருபுறம் இருக்க, மக்களின் யாத்திரைப் பயணங்கள் வேறு திசைகளில் ஓடின. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியின் கொடியேற்றம் தமிழகத்து நாகூரின் இறைநேசர் ஷாகுல் ஹமீது ஒலியுல்லாவுக்கானது. இன்னொரு பாதை மலையேறி, பலாங்கொடைப் பக்கத்து ஜெய்லானித் தலத்துக்குப் போனது. இந்த யாத்திரைகளைக் குடிவரலாற்றோடு சேர்த்துப் படிக்கும் வேலை இன்னும் போதவில்லை.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். மகள்களுக்கென்று வீடு கட்டிக் கட்டியே நெருங்கிப்போயிருந்த கரையோரத் தெருக்கள் அழிந்தன. பின்னர் வந்த நிவாரண வீடுகள் பல, குடும்பத் தலைவர் என்று கணவன் பெயரில் எழுதப்பட்டன. தாய்வழிச் சொத்துமுறை ஒன்று இருப்பதை அறிந்த அதிகாரிகள் படிவத்தை வேறுவிதமாக அமைத்திருப்பார்கள். ஆய்வு அறியாமல் போனால் அதன் விலையைப் பெண்களே கொடுக்கிறார்கள்.

ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சீதன உறுதிகள், பள்ளிவாசல் விவாகப் பதிவேடுகள், மூத்தம்மாமார் வாயில் இருக்கும் குடிக் கதைகள் ஆகியவற்றை ஊர் ஊராகத் திரட்டும் பணியை அங்குள்ள மாணவர்கள் ஏற்க வேண்டும். இதைப் படிக்கும் கரையூர் வாசகரே, உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் பழைய உறுதி ஏதும் இருந்தால் அதை எறிந்துவிடாதீர்கள். ஒரு பிரதி எடுத்து அவர்களிடம் கொடுங்கள்.