பிரான்ட்ஸ் வீட்டில் என்ன மொழி? – துணைப்பாடம், இணையம், வாசிப்பு

1

வாசகன், பிரதி, ஆசிரியனின் மரணம் என்று சிறுபத்திரிகைகளில் பேச ஆரம்பித்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நான் பின்னால் வந்து சேர்ந்தவன். என் பங்குக்கும் பத்து வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். வாசிப்பு ஓர் அரசியல் செயல்பாடு என்று எத்தனை கட்டுரையில் எழுதியிருப்பேன், கணக்கில்லை. ஆனால் நம் பிள்ளைகள் தினமும் வாசிக்க நேர்கிற பிரதி எது, அதை எப்படி வாசிக்கும்படி அவர்கள் பழக்கப்படுத்தப்படுகிறார்கள் என்று உட்கார்ந்து பார்த்ததில்லை. அது வாத்தியார்கள் விஷயம், நமக்குத் தெரிதாவும் பூக்கோவும் போதும் என்று இருந்துவிட்டேன். போன வருஷம் ஒரு பத்தாம் வகுப்புப் பெண் கேட்ட கேள்வி இந்தச் சௌகரியத்தைக் கெடுத்துவிட்டது.

காரிமங்கலத்தில் நானும் இரண்டு நண்பர்களும் வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கிறோம். டியூஷன் அல்ல, காசு வாங்குவதில்லை. நான் எம்.ஏ. தமிழ். ஆங்கிலம் எனக்கு அகராதியை வைத்துக்கொண்டு தாமதமாகக் கற்ற மொழி. தர்மபுரி மாவட்டத்தில் கல்வி பற்றிப் பேச்செடுத்தாலே ‘பின்தங்கிய’ என்ற சொல் முன்னால் வந்து நிற்கும். அதற்குக் காரணமும் உண்டு. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 68.5 சதவீதம், மாநிலத்திலேயே கடைசி. அதனால் இங்கே எல்லாத் திட்டமும் பின்னால் நிற்கிற பிள்ளையை நோக்கியே வரும். 2021-இல் இல்லம் தேடிக் கல்வி, 2022-இல் எண்ணும் எழுத்தும். வரவேண்டியவைதான், அதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் முந்திப் போகிற பிள்ளை என்று ஒன்று இந்த ஊரில் இருக்க முடியும் என்பதே யாருடைய கற்பனையிலும் இல்லை. வகுப்புப் புத்தகத்தை ஜூலையிலேயே முடித்துவிட்டு, “வேற எதாச்சும் குடுங்கண்ணா” என்று கேட்கிற பிள்ளைக்கு நாம் வைத்திருக்கும் பதில் என்ன? கையில் ஃபோனைக் கொடுத்து, “இதுல நிறைய இருக்கு, போய்ப் படி.” நானும் அப்படித்தான் கொடுத்தேன்.

2

அந்த ‘நிறைய’ என்னவென்று பிறகுதான் பார்த்தேன்.

2022 ஜூன் மாதம் 1 முதல் 12 வரை தமிழ்நாட்டில் ஒரு வாசிப்பு மாரத்தான் நடந்தது. இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்கள் வழியாக, கூகுளின் ரீட் அலாங் செயலியில் பிள்ளைகள் கதை வாசித்தார்கள். இந்தச் செயலி 2019-இல் ‘போலோ’ என்ற பெயரில் இந்தியாவில் அறிமுகமானது. கதைகளை ஒருமுறை இறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். பிள்ளை சத்தமாக வாசிக்கும், ‘தியா’ என்கிற பொம்மைக்குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். தடுக்கிய சொல்லைத் தொட்டால் தியா உச்சரித்துக் காட்டும். சரியாக வாசித்தால் நட்சத்திரம். பன்னிரண்டு நாள் முடிவில் 18 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் 263 கோடி சொற்களை வாசித்ததாகச் செய்தி வந்தது.

263 கோடி சொல்! ஒரு கதை, ஒரு கேள்வி, ஒரு சண்டை பற்றிய செய்தி வரவில்லை. நான் கிண்டல் செய்யவில்லை. வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவர் ஒருவரும் இல்லாத பிள்ளைக்கு, தப்பாச் சொன்னாலும் முகம் சுளிக்காத ஒரு காது கிடைப்பது சின்ன விஷயமில்லை. வகுப்பறையில் கேலிக்குப் பயந்து வாயே திறக்காத பிள்ளைகள் ஃபோன் முன்னால் வாசித்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தக் காதுக்குக் கேட்பது ஒலி மட்டும். வாசித்த பிள்ளை அந்த வாக்கியத்தை நம்பியதா, சந்தேகப்பட்டதா என்பது அதன் கணக்கில் வராது. எழுத்துக்கூட்டும் பிள்ளைக்கு இந்தக் காது போதும். முந்திப் போகிற பிள்ளைக்கு இங்கே செய்ய மிச்சமிருப்பது ஒன்றே ஒன்று, இன்னும் வேகமாக வாசிப்பது.

சரி, அது சின்னப் பிள்ளைகளுக்கானது, உயர்நிலை வாசகர்களுக்கென்று தனியாக உண்டே என்பீர்கள். உண்டு. ஐரோப்பியக் கவுன்சில் 2001-இல் வெளியிட்ட ஆறுபடி அளவுகோலை வைத்து, ஏ1-இலிருந்து மேலே போகும்படி பதின்வயதினருக்கான வாசிப்புப் பயிற்சிகளைப் பிரிட்டிஷ் கவுன்சில் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. இந்த வகைப் பயிற்சிகளின் சட்டகம் எங்கே போனாலும் ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் சொல்லையும் பொருளையும் பொருத்து. பிறகு பகுதியை வாசி. பிறகு சரியா தவறா, கோடிட்ட இடம். கடைசியில் சில இடங்களில் ஒரு விவாதக் கேள்வி. அதற்கு மதிப்பெண் கிடையாது. படி ஏற ஏற வாக்கியம் நீளும், சொல் கடினமாகும். ஆனால் பிரதிக்கும் வாசகருக்கும் உள்ள உறவு முதல் படியில் இருந்த அதே உறவுதான். பிரதி கேட்கும், பிள்ளை பதில் சொல்லும். பிள்ளை கேட்க இடமில்லை.

3

இந்தச் சட்டகம் கம்ப்யூட்டரோடு வந்தது என்று நினைத்திருந்தேன். அதன் வேரைத் தேடினால் நம் பக்கத்து வீட்டில், டாக்காவில், கொண்டுபோய் விடுகிறது. மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் அங்கே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் முதல்வராக இருந்தவர். வங்காளத்தில் இருமொழியம் பற்றி 1926-இல் அவர் எழுதிய நூல் ஆங்கிலக் கல்வி வரலாற்றில் முக்கியமானது. சொற்களை எண்ணி, அடிக்கடி வருபவற்றைப் பொறுக்கி, ஒரு பக்கத்தில் இத்தனை புதுச் சொல்லுக்கு மேல் வரக் கூடாது என்று அளந்து அவர் வாசகங்கள் தயாரித்தார். இன்று உலகம் பூராவும் விற்கிற படிநிலை வாசிப்புப் புத்தகங்களுக்கு அது முன்னோடி. அதே சொற்கணக்கின் தொடர்ச்சியாக 1953-இல் அவருடைய பொதுச் சொற்பட்டியல் வந்தது.

வெஸ்ட் பயன்படுத்திய ஒரு பிரயோகம் என்னைப் பிடித்துக்கொண்டது. எல்.ஐ.சி. ஏஜெண்டுகள் வாயில் கேட்டிருப்போம், ‘சரண்டர் வேல்யூ’. பாலிசியைப் பாதியில் விட்டால் கைக்கு எவ்வளவு வரும்? வெஸ்ட் இதை மொழிக்குப் பொருத்தினார். பள்ளியைப் பாதியில் விடப்போகிற பிள்ளைதான் அதிகம். அப்படி விடுகிற பிள்ளைக்கு அதுவரை படித்த ஆங்கிலத்தால் என்ன மிஞ்சும்? பேச்சை விட வாசிப்புதான் மிஞ்சும், ஆகவே முதலில் வாசிக்கக் கற்றுக்கொடு என்றார். காலனி அதிகாரி ஒருவரிடமிருந்து வந்த இந்தக் கேள்வியில் ஒரு நேர்மை இருக்கிறது. இடைநிற்கும் பிள்ளையை அவர் மறைக்கவில்லை, கணக்கில் எடுத்துக்கொண்டார்.

ஆனால் அவர் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. பாதியில் விடாமல் முழுசும் போய்ச் சேர்கிற பிள்ளை எங்கே போய்ச் சேர்கிறது? காரிமங்கலத்தில் அதற்குப் பதில் எல்லோருக்கும் தெரியும். ஊர் பெங்களூர் நெடுஞ்சாலையில் இருக்கிறது. அப்பா கட்டட வேலைக்குப் போன அதே சாலையில் மகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரப் போவாள். அதற்கு ஆங்கிலம் பயணச்சீட்டு. சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் நிறுத்தி வாசிப்பதில்லை. வெஸ்டின் சொற்கணக்கு இன்று செயலிக்குள் குடியேறியிருக்கிறது, அவர் கவலை காணாமல் போய்விட்டது. மௌனமாக வாசிப்பதை உயர்த்திப் பிடித்தவரின் வழிவந்தது, இன்றைக்கு வாசிப்பை உச்சரிப்புப் பரீட்சையாக மாற்றி வைத்திருக்கிறது.

4

இனி அந்தக் கேள்வி.

2019-இல் வந்த தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் அல்போன்ஸ் தோதேயின் ‘கடைசிப் பாடம்’ கதை இருக்கிறது. 1870–71 போரில் பிரான்ஸ் தோற்று, அல்ஸாஸ் ஜெர்மனி கைக்குப் போகிறது. இனிப் பள்ளிகளில் ஜெர்மன்தான் என்று பெர்லினிலிருந்து உத்தரவு. பிரெஞ்சு ஆசிரியர் ஹாமெல் கடைசி வகுப்பு எடுக்கிறார். பிரான்ட்ஸ் என்ற பையன் அதைச் சொல்கிறான். பின் பெஞ்சில் ஊர்ப் பெரியவர்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். தோதேயின் 1873 தொகுப்பில் இடம்பெற்ற கதை. 1938-ஐயும் 1965-ஐயும் மனதில் வைத்திருக்கிற எந்தத் தமிழ் வாசகனுக்கும் இது நம்ம கதை. எனக்கும் அப்படித்தான். உருகி உருகிச் சொன்னேன்.

அந்தப் பெண் இந்தப் பாடத்துக்கு இணையத்தில் கிடைத்த பயிற்சிகளை முன்பே முடித்திருந்தாள். பிரான்ட்ஸ் ஏன் தாமதமாக வந்தான், பின்னால் உட்கார்ந்திருந்தவர் யார், அறிவிப்புப் பலகையில் என்ன இருந்தது. இருபதுக்கு இருபது. ஃபோனைக் காட்டினாள், பச்சை பச்சையாக டிக். பிறகு கேட்டாள்.

“அண்ணா, பிரான்ட்ஸ் வீட்ல என்ன பாஷை பேசுவான்?”

“பிரெஞ்சுதான். அதானே கதையே.”

“அப்புறம் ஏன் அவனுக்கு அந்தப் பாடம் ஒண்ணுமே வரல? பின்னாடி இருக்கிற தாத்தா ஏன் ஆனா ஆவன்னா மாதிரி எழுத்துக்கூட்டிட்டு இருக்காரு?”

“படிக்காத ஆளும்மா. உங்க தாத்தாவுக்கும் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாதில்ல?”

“தெரியாது. ஆனா அது அவரு பாஷை இல்லீங்களே. நாங்க வீட்ல தெலுங்கு.”

எனக்கு முதலில் வந்தது எரிச்சல். ஒரு எம்.ஏ. தமிழுக்கு வரக்கூடிய எரிச்சல். அன்று ராத்திரி கதையைத் திரும்ப எடுத்து வாசித்தேன். அவள் சொன்னது சரி. அல்ஸாஸ் கிராமங்களில் அந்தக் காலத்தில் பெரும்பான்மையோர் வீட்டில் பேசியது அல்ஸேஷியன், ஜெர்மானியக் கிளையைச் சேர்ந்த ஒரு வட்டார மொழி. பிரெஞ்சு பள்ளிக்கூடத்தின் மொழி, பாரிசின் மொழி. உங்களுக்கு உங்கள் மொழியே எழுதவும் பேசவும் தெரியவில்லையே என்று எதிரி கேட்பான் என ஹாமெல் வருந்துகிற இடத்தில் பிரதி தன் விரிசலைத் தானே காட்டிவிடுகிறது. ‘உங்கள் மொழி’ என்று அவர் சொல்வதில் அந்த ‘உங்கள்’ யார்? தோற்ற தேசத்தின் காயம் கிராமத்து வீட்டு மொழியின் மேல் ஏறி உட்கார்ந்து, இதுதான் உன் தாய்மொழி என்கிறது. பெர்லின் உத்தரவு அநியாயம்தான், சந்தேகமில்லை. ஆனால் 1918-இல் ஜெர்மனி தோற்று அல்ஸாஸ் திரும்பி வந்தபோது பள்ளி மறுபடி பிரெஞ்சுக்கு மாறியது. பின் பெஞ்சுத் தாத்தாவின் வீட்டு மொழியை இரண்டு தேசமும் கேட்கவில்லை.

இந்தக் கட்டுடைப்பைச் செய்தது நான் அல்ல. தெரிதா பெயர் கேள்விப்பட்டிராத பதினைந்து வயதுப் பெண், தன் வீட்டிலிருந்து கேட்ட ஒரே கேள்வியால் செய்தாள். இருபதுக்கு இருபது வாங்கிய பயிற்சியில் அந்தக் கேள்விக்குக் கட்டமே இல்லை. உயர்நிலை வாசிப்பு என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்ல வேண்டும். கடினமான சொல்லைத் தாண்டுவது உயர்நிலை அல்ல. எல்லோருக்கும் தெளிவாகத் தெரிகிற சொல்லில், ‘உங்கள்’ என்பது போன்ற சொல்லில், தடுக்கி விழத் தெரிவது.

கேள்வியின் மறுமுனை நம்மை நோக்கியும் இருக்கிறது. இந்தி எதிர்ப்பை நியாயமாகவே பேசுகிற நாம், இந்த எல்லை மாவட்டத்தில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசுகிற பிள்ளைகளிடம் ‘தாய்மொழி’ என்று சொல்லும்போது என்ன செய்கிறோம்? பதில் என்னிடம் தயாராக இல்லை. கேள்வி ஆங்கிலப் பாடத்தின் வழியாக வந்து சேர்ந்தது என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன்.

5

என்ன செய்யலாம்? இணையமே வேண்டாம் என்று சொல்வது எங்கள் ஊரில் அபத்தம். வேறு புத்தகம் எங்கே இருக்கிறது? இருப்பதை வேறு மாதிரி கையாளலாம்.

ஒன்று, துணைப்பாடம் என்பது அதே பாடத்தின் நீட்சியாக இல்லாமல் அதற்கு எதிரில் நிற்கிற பிரதியாக இருக்கட்டும். கடைசிப் பாடத்தோடு அல்ஸாஸ் பற்றிய ஒரு பக்க வரலாறு போதும். அதைத் தேடி எடுக்கத்தான் இணையம். அவள் பத்து நிமிஷத்தில் எடுத்துவிட்டாள்.

இரண்டு, எழுதும் உரிமை. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் கதைகள் நான்கு படிகளில் இருக்கின்றன. கடைசிப் படியே 1500 சொல்லைத் தாண்டினால் வந்துவிடும். எங்கள் பெண் அதை டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவாள். ஆனால் அந்தக் கதைகள் திறந்த உரிமத்தில் இருக்கின்றன. எழுதியவர், வரைந்தவர் பெயரைச் சொல்லிவிட்டு யாரும் மொழிபெயர்க்கலாம், மாற்றி எழுதலாம். வாசகன் எழுதுகிறவனாக மாறுவது பற்றி ரோலண்ட் பார்த் 1970-இல் எழுதியதை நாம் மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கிறோம். அதற்குக் கதவு இங்கே திறந்தே கிடக்கிறது. முந்திப் போகிற பிள்ளையை அந்தக் கதவுக்குக் கூட்டிப்போக ஆள்தான் இல்லை.

மூன்று, நாம். ஆர்வலர்கள், எழுத்தாளர்கள். வாரத்துக்கு ஒரு சாயங்காலம் ஒரு பிள்ளையோடு உட்கார்ந்து, பதில் தெரியாத கேள்வியைக் கேட்டு, பதில் தெரியாமலே எழுந்துவர முடியுமா நமக்கு? எனக்கு அது கஷ்டமாகத்தான் இருந்தது.

இதெல்லாம் பரீட்சைக்கு உதவுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். உதவாது. அந்தப் பெண் பரீட்சையில் புத்தகம் எதிர்பார்க்கிற பதிலையே எழுதினாள், அழகான கையெழுத்தில். “மார்க் வேணுமில்லீங்கண்ணா” என்றாள். அவளுக்கு அந்தச் சாலையில் போக வேண்டியிருக்கிறது, அதைத் தடுக்க நான் யார்? ஆனால் எங்களிடம் இருக்கிற ஒரு நோட்டில் இன்னொரு பதிலும் இருக்கிறது. பின் பெஞ்சுத் தாத்தா எழுந்து நின்று ஹாமெலிடம் பேசுகிற மாதிரி ஒரு பக்கம். தமிழில் ஆரம்பித்து, தாத்தா கோபப்படுகிற இடத்தில் தமிழ் எழுத்திலேயே தெலுங்குக்கு மாறுகிறது. அங்கே எனக்குப் புரியவில்லை. அவள்தான் வாசித்துச் சொன்னாள்.