குடிநீர்த் தர வரையறையும் ஊராட்சித் தொட்டியும்

கோவை மாவட்டத்துச் சிற்றூர்கள் பலவற்றில் தண்ணீருக்கு இரண்டு பெயர்கள் உண்டு. சிறுவாணியிலிருந்தோ பில்லூரிலிருந்தோ கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய் வழியே வருவது ‘நல்ல தண்ணி’. ஊராட்சியின் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருவது ‘உப்புத் தண்ணி’. முன்னது குடிக்கவும் சமைக்கவும் பயன்படும். பின்னது துவைக்கவும் குளிக்கவும் மாட்டுத் தொட்டியை நிரப்பவும் பயன்படும். இப்பெயர்களைச் சூட்டியது நாக்கு. சிறுவாணி நீர் உலகிலேயே இரண்டாவது சுவையான நீர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வதும் நம் பக்கத்து வழக்கம்.

நாக்கு உப்பை அறியும், கிருமியை அறியாது. 1854-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் பிராட் தெரு அடிபம்பைச் சுற்றிக் காலரா பரவியது. அத்தெருவை விட்டு நெடுந்தொலைவு குடிபெயர்ந்துவிட்ட பெண்மணி ஒருவர், அந்த நீரின் சுவையை விரும்பி நாள்தோறும் வண்டியில் வரவழைத்துக் குடித்துவந்தார். அவரும் காலராவுக்கு இரையானார். நோய் காற்றினால் அன்று, நீரினால்தான் பரவுகிறது என்று டாக்டர் ஜான் ஸ்நோ நிலைநாட்டிய சான்றுகளுள் இதுவும் ஒன்று.

அவ்வாறாயின் குடிநீர் நல்லதா, தீயதா என்று முடிவு செய்ய நம்மிடம் உள்ள அளவுகோல் யாது? அதுதான் ஐ.எஸ். 10500 என்னும் இந்தியத் தர வரையறை. 1983-இல் முதன்முதலாக வெளியாகி, 1991-இலும் 2012-இலும் திருத்தப்பெற்றது. ஆய்வுக்கூட அறிக்கை எதுவாயினும் இதில் கண்ட எண்களோடு ஒப்பிட்டே எழுதப்படுகிறது. இவ்வளவு செல்வாக்குள்ள ஓர் ஆவணம், சில நூறு வீடுகளுக்கு ஒரு மேல்நிலைத் தொட்டியிலிருந்து நீர் வழங்கும் சிற்றூராட்சிக்கு எவ்வளவு தூரம் துணை செய்கிறது என்பதைச் சற்று ஆராய்வோம்.

பட்டியலின் நிறைகள்

முதலில் நிறைகளைச் சொல்லிவிட வேண்டும். இப்பட்டியல் பல பொருள்களுக்கு இரண்டு எல்லைகளை வகுத்துள்ளது. ஒன்று ஏற்கத்தக்க எல்லை; மற்றொன்று வேறு நீர் ஆதாரம் இல்லாதபோது பொறுத்துக்கொள்ளத்தக்க எல்லை. கரைந்துள்ள திண்மங்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கவை. வேறு வழியில்லையென்றால் 2,000 வரை பொறுக்கலாம். கடினத்தன்மைக்கு இவ்வெல்லைகள் 200, 600. புளோரைடுக்கு 1.0, 1.5. ஆனால் நைட்ரேட்டுக்கு 45 மில்லிகிராம் என்ற ஒரே எல்லைதான். அதில் சலுகை கிடையாது. கைக்குழந்தைகளின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை நைட்ரேட் கெடுக்கும் என்பதே காரணம். எதில் விட்டுக்கொடுக்கலாம், எதில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று பிரித்துக் காட்டியிருப்பது அறிவியல் முறைக்கு உகந்தது.

இதன் பயனையும் நாம் கண்டிருக்கிறோம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரின் புளோரைடு பற்களையும் எலும்புகளையும் பாதித்தது. அளந்து பார்த்ததால்தான் அது தெரிந்தது. 2013-இல் தொடங்கப்பெற்ற ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் அதற்கு மாற்றாகக் காவிரி நீரைக் கொண்டுவந்தது.

மெல்ல மாறுவதும் விரைந்து மாறுவதும்

குறை எங்கே இருக்கிறது? பட்டியலில் உள்ள எல்லா எண்களும் ஒரே தன்மையுடையவைபோல வரிசையாக நிற்கின்றன. குறை அங்கேதான் தொடங்குகிறது. புளோரைடும் கடினத்தன்மையும் பாறையிலிருந்து வருபவை. ஓர் ஆழ்துளைக் கிணற்றில் அவை பெரும்பாலும் மெல்லவே மாறும். ஆண்டுக்கு ஒருமுறை அளந்தால் பெரிதும் போதும். கிருமியோ ஓர் இரவில் வந்துவிடும். ஒரு மழை, ஒரு குழாய் உடைப்பு, மூடாத ஒரு தொட்டி போதும்.

2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் இயக்கத்தின் நெறிமுறைப்படி, நீர் ஆதாரங்களை வேதிப் பொருள்களுக்காக ஆண்டுக்கு ஒருமுறையும் கிருமிகளுக்காக இருமுறையும் சோதிக்க வேண்டும். முன்பு எதுவுமே இல்லாதிருந்த பல ஊர்களுக்கு இது முன்னேற்றமே. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் ஊரின் நீர் ஆண்டில் 5 நாள்கள் கெட்டிருக்கிறது என்று கொள்வோம். முன்கூட்டித் திட்டமிட்ட இரண்டு நாள்களில் மட்டும் மாதிரி எடுத்தால், அந்த 5 நாள்களில் ஒன்று அகப்படும் வாய்ப்பு 365-இல் ஏறத்தாழ 10. அதாவது நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. அகப்பட்டாலும், கிருமிகளை வளர்த்துப் பார்த்து முடிவு சொல்ல 24 மணி நேரமாவது ஆகும். அதற்குள் அந்த நீரை ஊரே குடித்து முடித்திருக்கும்.

மீட்டர் காட்டும் எண்

மெல்ல மாறும் எண்ணுக்கே மக்களிடம் மதிப்பு மிகுதி. இதற்கு ஒரு காரணம், பேனா போன்ற சிறு ‘டி.டி.எஸ். மீட்டர்’. நீர்ச் சுத்திகரிப்புக் கருவி விற்க வருபவர் இதை டம்ளரில் நனைத்து, 600 என்று காட்டி அச்சுறுத்துவார். இந்த மீட்டர் உண்மையில் அளப்பது நீரின் மின் கடத்துதிறனை மட்டுமே. அதை ஏறத்தாழ 0.5 முதல் 0.7 வரையுள்ள ஒரு காரணியால் பெருக்கி, கரைந்த உப்பின் அளவாகக் காட்டுகிறது. அந்த உப்பு சுண்ணாம்பைச் சார்ந்ததா, நைட்ரேட்டா என்று அதற்குத் தெரியாது. கிருமிகள் ஏராளமாக இருந்தாலும் அதன் எண் அசையாது. காட்டாற்று நீரைச் சுத்திகரிக்காமல் அப்படியே எடுத்து நனைத்தால், மீட்டர் 50-க்கும் கீழே காட்டி நம்மை மகிழ்விக்கலாம். ஆழ்ந்த பாறையிடுக்கிலிருந்து வரும் உப்புத் தண்ணீரைவிட, திறந்த ஆற்றிலிருந்து வரும் நல்ல தண்ணீருக்குத்தான் கிருமிநீக்கம் மிகுதியும் தேவை. நாக்கும் மீட்டரும் சொல்வது இதற்கு நேர்மாறு.

குளோரின் பற்றிய ஒரு வரி

விரைந்து வரும் இடருக்கு விரைந்து காட்டும் அளவு ஒன்று உண்டு. அது எஞ்சிய குளோரின். குழாய் நீரில் சிறிதளவு குளோரின் மிஞ்சியிருந்தால், வழியில் இருந்த கிருமிகளுக்குச் செலவானது போக இன்னும் காவல் இருக்கிறது என்று பொருள். குளோரோஸ்கோப் என்னும் எளிய கருவியில் நீரை ஊற்றி, மருந்துத் துளிகளை விட்டு, நிறத்தை ஒப்பிட்டால் சில நிமிடங்களில் விடை கிடைக்கும். எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் செய்யலாம்.

ஐ.எஸ். 10500 இதற்குக் குறைந்தது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் என்று விதிக்கிறது. நுகர்வோரின் குழாயில் அளக்க வேண்டும் என்றும், நச்சுயிர்களிடமிருந்து காப்பு வேண்டுமானால் 0.5 இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. மிக நன்று. ஆனால் அதே வரியில், ‘நீரில் குளோரின் கலந்திருந்தால் மட்டுமே இது பொருந்தும்’ என்னும் கருத்தில் ஒரு குறிப்பும் இருக்கிறது. இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். குளோரின் போட்டு 0.1 மட்டுமே மிஞ்சிய ஊராட்சி இந்த வரியில் தவறிவிடும். குளோரினே போடாத ஊராட்சி இந்த வரியில் தவறவே முடியாது! கிருமி இருக்கக் கூடாது என்று வேறோர் அட்டவணை சொல்வது உண்மைதான். ஆனால் அதைப் பார்ப்பது ஆண்டுக்கு இரண்டு நாள்கள் அல்லவா?

இன்னொரு குறையும் உண்டு. நீரில் குளோரின் இரண்டு வடிவங்களில் இருக்கும். கிருமியை விரைந்து கொல்வது ஹைப்போகுளோரஸ் அமிலம். அதன் அயனி மிகவும் மந்தமானது. நீரின் பி.எச். மதிப்பு 7 ஆக இருந்தால் முக்கால் பங்குக்கும் மேல் அமில வடிவில் இருக்கும். 8.5 ஆனால் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். வரையறை பி.எச். மதிப்பை 6.5 முதல் 8.5 வரை அனுமதித்துவிட்டு, குளோரினுக்கு மட்டும் அந்த வேறுபாட்டைப் பார்க்காமல் ஒரே எண்ணைச் சொல்கிறது.

பதிவேட்டில் 120 கிராம்

தொட்டியடிக்கு வருவோம். 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது வழக்கமான கணக்கு. 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். நல்ல பவுடரில் குளோரின் 33 விழுக்காடு கிடைக்கும். ஆகவே 40 கிராம் குளோரின், லிட்டருக்கு 1.3 மில்லிகிராம். நீரிலுள்ள மாசுகளும் குழாயின் உட்படிவும் 0.7 மில்லிகிராமைச் செலவழித்தாலும் கடைசி வீட்டில் 0.6 மிஞ்சும்.

அதே பவுடர் மூட்டையைத் திறந்தபடி வெயிலிலும் ஈரத்திலும் வைத்திருந்தால், அதன் வலிமை 15 விழுக்காடாகக் குறைந்துவிடலாம். அப்போது அதே 120 கிராமில் கிடைப்பது 18 கிராம் குளோரின், லிட்டருக்கு 0.6 மில்லிகிராம். அது வழியிலேயே செலவாகிவிடும். கடைசி வீட்டில் ஒன்றும் மிஞ்சாது. இரு நாள்களிலும் தொட்டி இயக்குபவர் பதிவேட்டில் ‘120 கிராம் போடப்பட்டது’ என்றே எழுதுவார். அவர் எழுதியது பொய்யன்று. ஆனால் பதிவேடு தேறிவிட்டது, தண்ணீர் தேறவில்லை.

கடைசி வீட்டிற்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. நீர் ஓடும்போது குழாயின் உள்ளழுத்தம் வெளியழுத்தத்தைவிட மிகுதி. விரிசல் இருந்தால் நீர் வெளியேதான் கசியும். வால்வை மூடியதும் குழாயிலுள்ள நீர் பள்ளமான பகுதிக்கு இறங்கிவிடும். மேட்டுப் பகுதிக் குழாயில் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்துக்கும் கீழே போகும். அப்போது அதே விரிசல் வழியே சாக்கடை நீர் உள்ளே வரும். குடிநீர் இணைப்பில் நேரடியாக மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சினால் இது இன்னும் மோசமாகும். இரண்டு மூன்று நாள்களுக்கு ஒருமுறை நீர் விடும் ஊரில் இந்த ஆபத்து ஒவ்வொரு முறையும் நேரக்கூடியது. தொட்டியிலோ ஆழ்துளைக் கிணற்றிலோ எடுத்த மாதிரி இதைக் காட்டாது.

வாக்கர்டன் கற்பித்த பாடம்

பதிவேடு சரியாக இருந்தால் போதும் என்னும் எண்ணத்திற்குக் கனடா நாட்டின் வாக்கர்டன் என்னும் சிற்றூர் பெரிய விலை கொடுத்தது. மக்கள்தொகை ஏறத்தாழ 4,800. 2000-ஆம் ஆண்டு மே மாதம் பெய்த பெருமழையில், ஆழமில்லாத ஒரு கிணற்றில் மாட்டுச்சாணக் கழிவு கலந்தது. கொடிய வகை ஈ.கோலை கிருமிகள் ஊர்க்குழாய்களில் பரவின. 7 பேர் இறந்தனர். ஏறத்தாழ 2,300 பேர் நோயுற்றனர். பின்னர் நடந்த நீதி விசாரணையில், குளோரின் அளவை அளக்காமலே நாள்தோறும் பதிவேட்டில் எண்களை எழுதி வந்தது வெளிப்பட்டது. எஞ்சிய குளோரினையும் கலங்கலையும் இடைவிடாது அளக்கும் கருவிகள் அக்கிணற்றில் இருந்திருந்தால் இப்பேரிடரைத் தடுத்திருக்கலாம் என்று 2002-இல் வெளியான அறிக்கை கூறியது. செல்வ நாட்டிலேயே இது நேர்ந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

செய்ய வேண்டியவை

‘பட்டியல் நீரின் தரத்தைச் சொல்வது, ஊராட்சியின் நிர்வாகத்தைச் சொல்வது அதன் வேலையன்று’ என்று மறுப்புக் கூறலாம். நீர் வழங்கும் முறைக்கென 2020-இல் ஐ.எஸ். 17482 என்னும் தனி வரையறை வந்திருப்பதும் உண்மையே. உலக நலவாழ்வு அமைப்பும் 2004 முதல், கடைசியில் சோதிப்பதை மட்டும் நம்பாமல் நீர் ஆதாரம் முதல் வீட்டுக் குழாய்வரை இடர்களைக் கண்டு தடுக்கும்படி வலியுறுத்தி வருகிறது. ஆனால் இவ்விரு இந்திய வரையறைகளும் ஊராட்சியைச் சட்டப்படி கட்டுப்படுத்துபவை அல்ல. அமெரிக்காவில் 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 15 இணைப்புகளோ 25 குடியிருப்பாளர்களோ உள்ள மிகச் சிறிய ஊர்க்குழாய்த் திட்டமும் தர எல்லைக்குக் கட்டுப்பட்டது. கட்டாயம் இல்லாத இடத்தில், அளப்பதற்கு எளிதாகவும் தெளிவாகவும் உள்ள விதியாவது வேண்டும்.

ஆகவே அடுத்த திருத்தத்தில் மூன்று மாற்றங்கள் தேவை. ஆண்டுக்கொரு முறை பார்க்க வேண்டியவற்றையும் நாள்தோறும் பார்க்க வேண்டியவற்றையும் வெவ்வேறு பட்டியலாக்க வேண்டும். குளோரின் வரியிலுள்ள விலக்கு, பொதுக் குழாய்த் திட்டங்களுக்குப் பொருந்தாது என்று ஆக்க வேண்டும். தொட்டியில் போட்ட பவுடரின் எடையைவிடக் கடைசி வீட்டுக் குழாயில் கண்ட எண்ணே பதிவுக்குரியது என்று வரையறுக்க வேண்டும்.

குளோரின் வாடை பிடிக்கவில்லை என்று சிலர் கூறுவர். அது கரிமப் பொருள்களோடு சேர்ந்து தீங்கான துணைப்பொருள்களை உண்டாக்கும் என்பதும் சரியே. ஆனால் கிருமிநீக்கம் செய்யாத நீரின் தீங்கோடு ஒப்பிட அது மிகச் சிறிது. அதற்கு அஞ்சிக் குளோரினைக் கைவிடலாகாது.

சட்டம் மாறும்வரை காத்திருக்கவும் வேண்டுவதில்லை. ஜல் ஜீவன் இயக்கத்தில் ஊருக்கு 5 பெண்களுக்குச் சோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தருவது திட்டம். அப்பெட்டி அலுவலக அலமாரியில் உறங்காமல், தண்ணீர் விடும் நாள்தோறும் கடைசித் தெருவின் கடைசிக் குழாய்க்குச் செல்லட்டும். மாணவர்களும் உடன் சென்று கற்கலாம். கண்ட எண்ணைத் தொட்டித் தூணிலுள்ள பலகையில் எல்லாரும் பார்க்கும்படி எழுதுங்கள். 0.2-க்குக் கீழே போனால் அன்று நீரைக் காய்ச்சிக் குடிக்கும்படி ஊருக்குச் சொல்லுங்கள். ஆனால் நைட்ரேட் மிகுந்த நீரைக் காய்ச்சுவதால் பயனில்லை. நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடவே செய்யும். கைக்குழந்தைக்கு அந்நீரைக் கொடுக்கலாகாது. எந்த எண் எந்த இடரைக் காட்டுகிறது என்று அறிந்திருப்பதுதான் தண்ணீரை ‘நல்ல தண்ணி’ என்று அழைக்கும் உரிமையை நமக்குத் தரும்.