கடலடிப் படமும் கடலடி உண்மையும்

கடலுக்கு அடியில் எடுத்த படம் அழகாக இருந்தால் போதுமா? 'மை ஆக்டோபஸ் டீச்சர்' என்னும் விவரணப் படத்தைப் பார்க்கும் அறிவியல் மாணவர்களுக்கு இக்கேள்வி எழாமல் இராது. பிப்பா எர்லிக், ஜேம்ஸ் ரீட் ஆகிய இருவரும் இயக்கிய இப்படம் 2020-இல் வெளிவந்து, 2021-இல் ஆஸ்கார் விருது பெற்றது.

தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் நகருக்கு அருகே, கரையிலிருந்தே நீந்திச் சென்று மூச்சடக்கி மூழ்குகிறார் கிரெய்க் ஃபாஸ்டர். அவரிடம் காற்றுக் கலம் இல்லை. குளிர் தாங்கும் உடையும் இல்லை. அங்கே கெல்ப் என்னும் பெரும் பழுப்புப் பாசி காடுபோல் அடர்ந்துள்ளது. இது குளிர்ந்த நீரில் தழைப்பது. வெப்பமான நம் மன்னார் வளைகுடாவில் வளர்வதில்லை. பழுப்புப் பாசிகளுள் ஒன்றான கட்டக்கோரை நம் கரையோரத்தில் உண்டு. அக்காட்டில் ஒரு எண்காலியை, அதாவது நம் கடற்கரை மக்கள் பேய்க்கணவாய் என்று அழைக்கும் உயிரை, ஏறத்தாழ ஓராண்டுக் காலம் ஃபாஸ்டர் பின்தொடர்கிறார்.

இப்படத்தின் சிறப்பு அதன் வண்ணங்களில் இல்லை. நாள்தோறும் ஒரே இடத்துக்குத் திரும்பிச் சென்றதில் இருக்கிறது. சுறா ஒன்று எண்காலியின் கையைக் கடித்துத் துண்டிக்கிறது. பின்னர் அவ்விடத்தில் சிறு கை முளைத்து வளர்கிறது. ஒருநாள் மட்டும் மூழ்கிப் படமெடுத்துத் திரும்புபவர் இதைக் கண்டிருக்க முடியுமா?

குறைகளும் உண்டு. நீர் சிவப்பு ஒளியையே விரைவில் உறிஞ்சுகிறது. எனவே ஆழம் கூடக் கூடச் செந்நிறப் பொருள்கள் நிறம் மங்குகின்றன. தட்டையான முகக்கண்ணாடி வழியே பார்த்தால் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தோன்றும். ஆகையால் கடலடிப் படத்தைக் காண்போர்க்கு ஆழம், அளவு, நாள் ஆகியவை தெரிய வேண்டும். இப்படம் ஆழத்தையும் அளவையும் அரிதாகவே சொல்கிறது. ஃபாஸ்டரே தோன்றும் காட்சிகளை எடுத்தது வேறொரு கேமரா அல்லவா? அவை எப்போது எடுக்கப்பட்டன என்ற விளக்கம் படத்தினுள் இல்லை. எண்காலி கையைத் தொடுவதை நட்பு என்கிறார் ஃபாஸ்டர். ஆனால் எண்காலியின் உறிஞ்சிகள் சுவை அறியும் உறுப்புகளுமாகும். அது நட்பா, ஆராய்ச்சியா என்பதைப் படம் ஆராயவில்லை.

தூத்துக்குடி வாசகர்களுக்கு இவ்விவாதம் புதிதன்று. முற்காலத்தில் முத்துக்குளிப்புக்கு முன் முத்துப் பார்களைப் பார்வையிடுவது வழக்கம். குறித்த பார்களில் குளிகாரர்களை இறக்கிச் சிப்பிகளை எடுத்து, அவற்றின் எண்ணிக்கையையும் வளர்ச்சியையும் கண்டறிந்த பின்பே குளிப்பு நடத்துவதா என்று முடிவு செய்தனர். ஒரே இடத்தை மீண்டும் மீண்டும் பார்ப்பதுதான் இம்முறை. 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. எனினும் சங்குகுளி மீனவர்கள் இன்றும் கடலடியை நேரில் பார்த்து வருகிறார்கள்.

கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடானால் பவளப்பாறைகள் வெளுக்கின்றன. 2016-இல் அவ்வாறு வெளுத்தபோது, மன்னார் வளைகுடாவில் உயிருள்ள பவளத்தின் பரப்பு ஏறத்தாழ 39 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காடாகக் குறைந்தது. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிலையத்தார் அதற்கு முன்பே அங்கு மூழ்கி அளந்திருந்தமையால்தான் இழப்பின் அளவு தெரிந்தது. முந்தைய அளவு இல்லையேல் வெளுத்த பவளத்தின் படம் இரக்கத்தை மட்டுமே உண்டாக்கும்.

ஆகவே மாணவர்கள் இப்படத்தைக் காணட்டும். ஃபாஸ்டரின் பொறுமையைக் கற்கட்டும். நம் கடலடியைப் படமெடுக்க முனைவோர், இடம், நாள், ஆழம், அளவுகோல் ஆகிய நான்கையும் படத்தோடு பதிவு செய்ய வேண்டும். எந்தப் பாரில் என்ன மாறியது என்பதைச் சங்குகுளி மீனவர்களிடம் கேட்டு எழுதி வைப்பதும் அவர்கள் கடமை.