பொழுது கட்டையானால் பூ

கார்த்திகை மூன்றாம் தேதி காலை. காபி டம்ளரோடு மொட்டைமாடிக்குப் போனவன், டம்ளரைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்துவிட்டு வீட்டிலிருந்த எல்லோரையும் பேர் சொல்லிக் கூவினேன். பாம்புதான் வந்துவிட்டது என்று நினைத்து மகள் வாய் நிறையப் பற்பசை நுரையோடு ஓடி வந்தாள். “அவரை பூவெடுத்துடுச்சு!” என்றேன். அவள் பார்த்த பார்வையை விடுங்கள். ஊதாவில் ஒரு கொத்து, வெள்ளையில் இரண்டு கொத்து. பந்தலை மீறி, பின்னால் தெரிகிற மருதமலையோடு உயரம் பார்ப்பதுபோல் நிமிர்ந்து நிற்கின்றன. வடவள்ளிக்குக் குடிவந்த ஒன்பது வருடத்தில் இந்த வீட்டில் நான் பார்த்த மிக அழகான காட்சி இதுதான். கல்யாண நாள் போட்டோவைக்கூட இந்த வரிசையில் சேர்க்கத் தயங்குகிறேன்.

இந்தப் பூவுக்காக நான் பட்ட அவமானம் கொஞ்சமல்ல. போன வருடம் மாசியில் விதைத்தேன். கொடி என்னமாய் வளர்ந்தது! பந்தலை மூடி, துணி காயப்போடும் கம்பியைப் பிடித்து, பக்கத்து வீட்டு ஆன்டெனா வரைக்கும் போனது. சித்திரை, வைகாசி, ஆனி... இலை, இலை, இலை. பூ மட்டும் இல்லை. விதைக் கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன். ஆடி பிறந்ததும் ஆத்திரத்தில் வேரோடு பிடுங்கி எறிந்துவிட்டு, ஊரிலிருக்கும் அம்மாயிக்குப் போன் போட்டுப் புலம்பினேன்.

“ஏஞ்சாமி, மாசியில போட்டா அது எப்பிடிப் பூக்கும்? பொழுது கட்டையாகோணுமல்லோ! இன்னும் மூணு மாசம் உட்டிருந்தா அதே கொடியில காச்சிருக்கும். அதையும் புடுங்கிப்போட்டியா?”

அம்மாயி பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் அவர் சொன்னது அச்சு அசலாகத் தாவரவியல். நாட்டுக் கொடி அவரை குறும்பகல் தாவரம். இரவு போதிய அளவு நீண்டால்தான் அது பூக்கவே தொடங்கும். கோவையில் ஆனி மாத நீண்ட பகலுக்கும் மார்கழியின் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம்தான். எனக்கும் உங்களுக்கும் உறைக்காத அந்த வித்தியாசம் ஓர் அவரை இலைக்கு உறைக்கிறது என்பதை நினைத்தாலே எனக்குப் புல்லரிக்கிறது. (குத்துச் செடியாக வளரும் கோ ரகங்களில் பலவற்றுக்கு இந்தக் கணக்குக் கிடையாது, எந்த மாதம் போட்டாலும் காய்க்கும். காய்க்கட்டும், பாவம்.)

இந்த வருடம் ஆடிப் பதினெட்டு அன்று வளர்ப்புப் பைகளில் விதைத்தேன். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு தென்னை நார்க்கழிவு, ஒரு பங்கு மண்புழு உரம், பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. இரவு ஊறவைத்த விதைகளை ஒரு விரற்கடை ஆழத்தில் பைக்கு நான்காக ஊன்றினேன். ஐந்தாம் நாள் மண்ணைப் பிளந்துகொண்டு குனிந்த தலையோடு எழுந்தன. வலுவான இரண்டை விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிட வேண்டும். மீதி இரண்டைக் கிள்ளத்தான் எனக்கு மனசு வரவில்லை, மனைவி கிள்ளினாள்.

அப்புறம் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆடிக்காற்றைப் பற்றிக் கோவைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சவுக்குக் கம்பு நட்ட என் முதல் பந்தல் பத்தே நாளில் படுத்துவிட்டது. இரண்டாவதை மாடிச் சுவரின் நான்கு மூலையிலும் இழுத்துக் கட்டினேன். கொடி பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளிவிட்டேன். கிள்ளிய இடத்துக்குக் கீழே பக்கக் கிளைகள் கிளம்பி, புரட்டாசிக்குள் மேலே நல்ல நிழல்.

ஐப்பசி மழைக்குப் பைகளைச் செங்கல்மேல் தூக்கிவைத்து அடித்துளைகளை ஈர்க்குச்சியால் குத்திவிட்டது தவிர ஒன்றும் செய்யவில்லை. மழை விட்டுப் பனி இறங்கியதும் அசுவினி வந்தது. கொழுந்து முழுக்கக் கறுப்பாக அப்பியிருந்தது. எறும்பு வரிசையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அசுவினி சுரக்கும் இனிப்புக்காக எறும்புகள் அதற்குக் காவல் நிற்கும். விடியற்காலை இலையில் ஈரம் இருக்கும்போதே அடுப்புச் சாம்பலைத் தூவினேன். அடங்காத இடத்தில் லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து சாயங்காலம் அடித்தேன். ஒருநாள் அவசரப்பட்டு உச்சிவெயிலில் அடித்து நாலு கொழுந்தைக் கருக்கியவன் என்ற அனுபவத்தில் சொல்கிறேன், சாயங்காலம்தான்.

பக்கத்துப் பையில் பீர்க்கனும் இருக்கிறது. மஞ்சள் பூ, மாலை ஐந்து மணி வாக்கில் விரியும். அதற்காகவே ஒரு வாரம் ஆபீசிலிருந்து சீக்கிரம் கிளம்பினேன். ஆனாலும் அவரை அவரைதான்.

இந்த அவரைப் பூவில் ஒரு வேடிக்கை. மாடிப்படி விளக்கை இரவெல்லாம் எரியவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். பந்தல் முழுக்கப் பூத்துக் குலுங்கும்போது அந்த விளக்கின் வெளிச்சம் விழுகிற மூலை மட்டும் வெறும் பச்சை! அங்கே அவரைக்கு இன்னும் இரவே வரவில்லை. அன்று முதல் அந்த விளக்கை ஏற்றுவதே இல்லை. இருட்டில் படியேறி இரண்டு முறை முட்டியைப் பெயர்த்துக்கொண்டேன், பரவாயில்லை. மார்கழி நடுவில் அந்த மூலையும் பூத்தது.

இப்போது ஒன்றுவிட்டு ஒரு நாள் ஒன்றரைக் கிலோ பறிக்கிறேன். ஊதா விளிம்போடு பறித்த காய், வாணலியில் போட்டதும் பச்சையாகிவிடும். தேங்காய் தூவிய பொரியலும் அரிசிப்பருப்பு சாதமும் போதும், வேறெதுவும் கேட்க மாட்டேன். தெருவில் யாரைப் பார்த்தாலும் ஒரு பை காயைத் திணித்துவிடுகிறேன். எதிர்வீட்டு அக்கா என்னைக் கண்டதும், “போன வாரம் குடுத்ததே இருக்குதுங்க தம்பி” என்று கதவைச் சாத்துகிறார்.

சுவரோரக் கிளையில் பன்னிரண்டு காயைத் தொடாமல் விட்டிருக்கிறேன். கொடியிலேயே நெற்றாகட்டும். அம்மாயிக்கு ஆறு, எனக்கு நாலு. மீதி இரண்டை மகள் கேட்டிருக்கிறாள். எதற்கென்று இன்னும் சொல்லவில்லை.