புதுக் கம்ப்யூட்டரும் பழைய நாவலும்

என் பெண் திருச்சியில் காலேஜில் சேர்ந்ததை முன்னிட்டு, வீட்டுக்குப் புதுக் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கியாக வேண்டும் என்று தீர்மானமாயிற்று. துறையூரில் எத்தனையோ வீடுகளில் நடக்கிற காரியந்தான்; இதைப் பற்றிக் கட்டுரை எழுத என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் 'எதை வாங்குவது?' என்று தொடங்கிய பேச்சு இரண்டே நாளில் 'எதை நம்புவது?' என்று திரும்பிவிட்டது. அந்த இரண்டாவது கேள்வியை விட்டு நகர எனக்கு மனம் வரவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பழைய கம்ப்யூட்டர் கெட்டுப் போகவில்லை. 2016-ல் வாங்கியது. மின்வெட்டையும், வெயில் காலத்துப் புழுதியையும், என் மனைவி அதன் தலைமேல் பலகாரத் தட்டை வைப்பதையும் பொறுத்துக்கொண்டு இன்னும் உழைக்கிறது. ஆயுள் முடிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது அதற்குள் இருக்கும் விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. வேண்டுகிறவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை ஒரு வருஷத் தவணை கொடுத்தார்கள். சரி, விண்டோஸ் 11-க்கு மாறிக்கொள்ளலாம் என்று பார்த்தால், அது எங்கள் யந்திரத்தை ஏற்க மாட்டேன் என்கிறது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடு வேண்டுமாம். இன்டெல் பிராஸஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் செல்லுமாம். எட்டாம் தலைமுறை வெளியானது 2017-ல். 2016-ல் வாங்கியவன் என்ன செய்வான்?

ஸ்ரீரங்கத்திலிருந்து வந்திருந்த என் மாமனாருக்கு இந்த நியாயம் விளங்கவே இல்லை. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர்.

"ஓடுற வண்டியை எதுக்கு மாப்பிள்ளை கண்டம் பண்றாங்க?" என்று கேட்டார்.

"வண்டிக்கு ஒண்ணும் இல்லை மாமா. டிரைவரை ரிடையர் பண்ணிட்டாங்க."

"அப்போ வேற டிரைவரைப் போடுங்க."

பொன்மலைக்காரர்களிடம் இந்த விஷயத்தில் வாய் கொடுக்கக் கூடாது. ஊட்டி மலை ரயிலின் நீராவி இஞ்சின்களைப் பிரித்துப் பழுது பார்த்து மறுபடி மலையேற்றியவர்கள் அவர்கள். அதே வகையில் புது இஞ்சின்களையே செய்து கொடுத்தவர்கள். அவர் சொன்ன யோசனைக்குப் பின்னால் வருகிறேன்.

இந்த 'டிரைவர்' என்பதுதான் ஆபரேட்டிங் சிஸ்டம். தமிழில் இயங்குதளம் என்று பெயர் நிலைத்துவிட்டது. கல்யாண வீட்டுச் சமையற்கட்டில் தலைமைப் பரிசாரகர் ஒருவர் இருப்பாரே, அவருடைய வேலைதான் இதற்கும். அவர் கரண்டியைத் தொடுவது அபூர்வம். யாருக்கு எந்த அடுப்பு, எந்த அண்டா எப்போது காலியாக வேண்டும், மளிகை அறைச் சாவி யார் கையில் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. அவர் சரியாக இருந்தால் அவர் இருப்பதே நமக்குத் தெரியாது.

விண்டோஸ் 95, 98 காலத்தில் இந்தப் பரிசாரகருக்குக் கண்டிப்புப் போதாது. ஒரு புரோகிராம் தன் அடுப்பை விட்டு இன்னொருவர் அண்டாவில் கையை விட்டுக் கலக்கினால் பந்தியே நின்றுவிடும். திரை நீலமாகும்; வெள்ளை எழுத்தில் நாலு வரி வரும்; அவ்வளவுதான். 1998 ஏப்ரலில் சிகாகோவில் நடந்த காம்டெக்ஸ் கண்காட்சியில், இன்னும் வெளிவராத விண்டோஸ் 98-ஐ பில் கேட்ஸ் மேடையில் இருக்கும்போதே காட்டினார்கள். ஸ்கானர் ஒன்றைச் செருகியதும் சபை முழுக்கப் பார்க்க நீலத் திரை வந்து நின்றது. மைக்ரோசாப்டிலேயே இதற்குப் பக்கத்தில் என்.டி. என்ற இன்னொரு குடும்பம் 1993-லிருந்து வளர்ந்து வந்தது. ஒருவர் இடத்தில் மற்றவர் கை வைக்க முடியாதபடி அதில் சுவர் பலமாக எழுப்பியிருந்தார்கள். 2001-ல் வந்த எக்ஸ்.பி. மூலமாக அந்தக் குடும்பம் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்குள் குடியேறிற்று. அதற்குப் பிறகு நீலத் திரை அடியோடு போய்விடவில்லை. ஆனால் அன்றாட விருந்தாளி என்ற நிலையிலிருந்து, எப்போதோ வருகிற தூரத்து உறவு என்ற நிலைக்கு இறங்கிவிட்டது. இந்தப் பெருமையை அதற்குக் கொடுக்காமல் விமர்சனம் செய்வது நேர்மை ஆகாது.

எழுத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. பழைய நீலத் திரை நமக்குப் புரியாத எண்களைச் சொன்னாலும் ஒரு டாக்டரின் மருந்துச் சீட்டைப் போல் கௌரவமாக இருந்தது. 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது, அதில் சுளித்த முகம் ஒன்றைச் சேர்த்தார்கள். மூன்று பக்கம் எழுதிவிட்டுச் சேமிக்காமல் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதனிடம், அதைத் தொலைத்த ஆசாமி தானே உதட்டைப் பிதுக்குவது என்ன நாகரிகம்? 2025-ல் அந்த முகத்தை எடுத்துவிட்டு, நீலத்தைக் கறுப்பாக்கி, விஷயத்தைச் சுருக்கிவிட்டார்கள். நல்ல திருத்தம் என்பது என் அபிப்பிராயம்.

ஆகவே, 'நடுவில் நின்று போகுமா?' என்று கடைக்காரரிடம் நாம் கேட்கிற கேள்வி இருபது வருஷம் பழசு. இன்றைக்குக் கேட்க வேண்டியது வேறு. அதற்கு இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன்.

2018 அக்டோபர் ஆரம்பத்தில் விண்டோஸ் 10-க்கு ஒரு பெரிய திருத்தம் வெளியிட்டார்கள். அதை ஏற்றுக்கொண்ட சிலருடைய கம்ப்யூட்டரில் 'டாக்குமெண்ட்ஸ்' அறையில் இருந்த கோப்புகள் காணாமல் போயின. தங்கள் கோப்பறையை வேறு இடத்துக்கு மாற்றி அமைத்துவிட்டு, சில கோப்புகளைப் பழைய இடத்திலேயே விட்டு வைத்திருந்தவர்கள் அவர்கள். பழைய அறை காலியான அறைதானே என்று திருத்தம் அதைப் பெருக்கித் தள்ளிவிட்டது. சில நாட்களிலேயே கம்பெனி வெளியீட்டை நிறுத்தி வைத்தது. முன்னோட்டம் பார்த்தவர்களில் ஒரு சிலர் இந்தக் குறையை முன்பே எழுதித் தெரிவித்திருந்தார்கள்; குவிந்து கிடந்த மற்றப் புகார்களில் அது கண்ணில் படவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் மொத்தத்தில் மிகச் சிலரே என்றார்கள். உண்மையாகவே இருக்கட்டும். இதில் எந்தக் கம்ப்யூட்டரும் தடுமாறி விழவில்லை. திரை நீலமாகவில்லை. எல்லாம் ஒழுங்காக நடந்துதான் கோப்பு போயிற்று.

இரண்டாவது, 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனி அனுப்பிய தவறான கோப்பு ஒன்றைப் படித்ததும் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் விழுந்தன. எழுப்பினால் மறுபடி விழுந்தன. சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் என்று மைக்ரோசாப்ட் கணக்குச் சொல்லிற்று. நம் நாட்டு விமான நிலையங்களிலே பயணச் சீட்டைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். தவறு மைக்ரோசாப்டினுடையது அல்ல. காவலுக்கு வந்தவனை அடுக்களையின் உள்ளறை வரை விட்டிருந்தது; அங்கே அவன் தடுக்கி விழுந்தபோது வீடே விழுந்தது. கோப்பை நீக்க, பல இடங்களில் ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போய்க் கையால் செய்ய வேண்டியிருந்தது.

இவற்றைப் படித்த பிறகு எனக்குத் தோன்றியது இது. இயங்குதளத்தின் நம்பகம் என்பது அது விழாமல் நிற்பதைப் பொறுத்தது மட்டும் அல்ல. நம் வீட்டில் எதை, எப்போது மாற்றலாம் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள், நாம் வைத்த பொருள் நாம் தேடும்போது நாம் வைத்தபடியே கிடைக்குமா என்பதே அதன் சாரம். 2015-ல் ஒரு மாநாட்டில் மைக்ரோசாப்ட் ஊழியர் ஒருவர் விண்டோஸ் 10-தான் கடைசி விண்டோஸ் என்று பேசினார். பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டன. 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தது. தொடர்கதையில் 'முற்றும்' போட்டுவிட்டு அடுத்த இதழில் இரண்டாம் பாகம் தொடங்கும் எழுத்தாளர்கள் எங்களிலும் உண்டு. ஆனால் நாங்கள் முதல் பாகத்தை வாசகர் அலமாரியிலிருந்து எடுத்துப் போவதில்லை.

வைத்த பொருள் என்றதும் என் சொந்த நஷ்டம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் முதல் நாவலை 2004-ல் துறையூரில் ஒரு டி.டி.பி. சென்டரில் அச்சுக் கோத்தார்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பிழை திருத்தினேன். ஒரு சி.டி.யில் போட்டுக் கொடுத்தார்கள். பத்து வருஷம் கழித்து அதைத் திறந்தால் பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்தும், மேலே புள்ளியும் கொம்பும் வைத்த ஐரோப்பிய எழுத்துமாக இருந்தது. கோப்பில் ஒரு எழுத்துக்கூடக் குறையவில்லை. ஆனால் படிக்க ஆள் இல்லை.

காரணம் எளிது. அந்தக் காலத்தில் தமிழ் எழுத்துக்கள், ஆங்கில எழுத்துக்களின் வீட்டில் வாடகைக்குக் குடியிருந்தன. எந்த எழுத்து எந்த அறையில் என்று ஒவ்வொரு எழுத்துருக்காரரும் தம் இஷ்டப்படி வைத்துக்கொண்டார். இதை ஒழுங்கு செய்ய 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடி, டாம், டாப் என்ற முறைகளையும் தமிழ்99 விசைப் பலகையையும் வகுத்தது. யூனிகோடில் தமிழுக்கு 1991 முதலே சொந்த இடம் இருந்தது. விண்டோஸ் 2000-ல் 'லதா' எழுத்துருவோடு அது இயங்குதளத்துக்குள்ளேயே வந்து சேர்ந்தது. 2010-ல் தமிழ்நாடு அரசும் யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. சொந்த வீடு கிடைத்த பிறகு எழுதியதெல்லாம் எந்தக் கம்ப்யூட்டரிலும், எந்தப் போனிலும் தமிழாகவே திறக்கிறது. தமிழனுக்கு இயங்குதளங்கள் செய்த உபகாரங்களில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரியவில்லை. என்னுடைய நாவலோ வாடகை வீட்டில் எழுதியது.

இனி மாமனார் சொன்ன 'வேற டிரைவர்'. 1991-ல் ஹெல்ஸிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கிய லினக்ஸ் நமக்கும் புதிது அல்ல. 2007 வாக்கிலேயே எல்காட் தன் அலுவலகக் கம்ப்யூட்டர்களை அதற்கு மாற்றிற்று. சென்னை சி-டாக் அதை நம் மொழிகளுக்கு ஏற்ப அமைத்து 'பாஸ்' என்று பெயர் வைத்தது. 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில், பிள்ளைகளுக்குக் கொடுத்த யந்திரங்களில் விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸையும் சேர்த்துப் போட்டார்கள். நான் பார்த்த மட்டில் எங்கள் தெருப் பிள்ளைகள் 'பாஸ்' பக்கம் போகவே இல்லை. லினக்ஸ் கெட்டது என்பதால் அல்ல. சந்தேகம் கேட்க ஆள் இல்லை. பழுது பார்க்கிற தம்பிக்கு அது தெரியாது. பக்கத்து வீட்டுக்காரனுக்கும் தெரிந்திருப்பது நம்பகத்தில் ஒரு பகுதி என்பதைக் கொள்கைக்காரர்கள் ஒப்புக்கொள்வதில்லை.

இரண்டின் லைசென்ஸ் வாசகத்தையும் உட்கார்ந்து படித்தேன். யாரும் படிக்காத இலக்கியம் அது. லினக்ஸினுடையது இந்தச் சரக்குக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது என்று கொட்டை எழுத்தில் சொல்லிவிடுகிறது. மற்றது பணம் வாங்கிக்கொண்டு, சுருக்கமான உத்தரவாதம் ஒன்றைக் கொடுத்து, அதனால் உண்டாகும் மற்ற நஷ்டங்களுக்குத் தான் பொறுப்பல்ல என்பதைப் பத்தி பத்தியாக வளைத்து வளைத்துச் சொல்கிறது. நடையழகில் முதலாவதே எனக்குப் பிடித்தது.

முடிவில் இரண்டுமாகச் செய்தோம். பெண்ணுக்குக் காலேஜில் சொல்லும் புரோகிராம்கள் விண்டோஸில்தான் ஓடும் என்பதால், திருச்சியில் ஒரு கடையில் விண்டோஸ் 11 போட்ட புதுக் கம்ப்யூட்டரை வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு மண்ணச்சநல்லூர் வழியாகப் பஸ்ஸில் வந்தோம். அதைத் தொடக்கியதும் முதலில் இண்டர்நெட் கேட்டது. பிறகு மைக்ரோசாப்ட் கணக்கு ஒன்றைக் கேட்டது. தன் வீட்டுக்குள் நுழையப் பேரும் விலாசமும் கொடுக்க வேண்டியிருப்பது என் மனைவிக்குப் பிடிக்கவில்லை. பழைய கம்ப்யூட்டரில் ஐந்து வருஷத்துக்குத் திருத்தம் தருவதாகச் சொல்லும் உபுண்டு லினக்ஸைப் போட்டு நான் எழுத வைத்துக்கொண்டேன். மாமனார் வந்து பார்த்து, "ஓடுதுல்ல?" என்றார். வெளியே ஒரு டிஸ்க்கில் எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்து, அதை அரிசி டப்பாவுக்கு மேல் தட்டில் வைத்திருக்கிறோம். அந்த இடத்தை எந்தத் திருத்தமும் பெருக்காது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பெண் அந்தப் பழைய சி.டி. கோப்பை எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடுக்குக் கொண்டுவந்தாள். இருபது வருஷத்துக்கு முந்திய என் வாக்கியங்கள் திரையில் வந்து நின்றன. நாவலின் கதாநாயகி கௌரி.

"அப்பா, கௌரி எத்தனை தடவை வர்றான்னு பார்க்கலாமா?" என்று பெயரைத் தட்டித் தேடினாள்.

ஒரு தடவைகூட இல்லை என்று பதில் வந்தது. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் கௌரி எதிரில்தான் நிற்கிறாள். புதுக் கம்ப்யூட்டரில் பார்த்தோம்; அதுவும் இல்லை என்றே சொல்லிற்று. பழைய எழுத்துருவில் 'கௌ'வின் பின்னால் வரும் குறிக்கும் 'ள' என்ற எழுத்துக்கும் ஒரே அறை. மாற்றி அதை 'ள' என்றே எடுத்துக்கொண்டு, கௌரியைக் 'கெ', 'ள', 'ரி' என்று மூன்று எழுத்தாக்கிவிட்டது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது; யந்திரத்துக்கு அவள் வேறு யாரோ. இப்போது தினம் சாயங்காலம் நானும் என் பெண்ணுமாக நாவலை வரி வரியாகப் படித்து இம்மாதிரி இடங்களைத் திருத்திக்கொண்டிருக்கிறோம். ஏழாம் அத்தியாயம் வரை வந்திருக்கிறது.