நினைவும் விழாவும்

விழாவெடுப்பது மாந்தர் இயல்பு. பாட்டனாருக்கு அறுபதாங் கலியாணம் என்றால், பல ஊர்களில் சிதறிக் கிடக்கும் சுற்றமெல்லாம் ஒரே பந்தலின்கீழ் வந்து கூடுகிறது. வந்தவர் முகங்கண்டு மகிழும் கண்கள், வாராதவர் இடத்தையும் தேடத்தான் செய்கின்றன. கூடியிருக்கும் களிப்பும் குறைந்துபோன துயரும் அப்பந்தலில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கும். ஒன்றை மறைத்து மற்றொன்றை மட்டும் காட்டும் விழா, விழாவாகாது. வெறும் ஆரவாரமே ஆகும்.

கலைப்படைப்புக்கு எடுக்கும் விழாவுக்கும் இஃது பொருந்தும். இதனை ஆராய்ந்து பார்க்க, பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரான ‘டாக்டர் ஹூ’ நல்லதோர் எடுத்துக்காட்டாகும். பத்தாண்டுக்கொருமுறை அத்தொடர் தன் பிறந்தநாளைத் தனிச் சிறப்பு நாடகத்தால் கொண்டாடி வந்திருக்கிறது. சிறுவயதில் அவற்றைக் கண்டவர்கள், தலை நரைத்த பின்னும் அவற்றைப் பேசி மகிழ்கின்றனர். அந்த அன்புக்கு அவை தகுதியுடையனவா என்பதே கேள்வி.

மாறும் முகம்

1963ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள், சனிக்கிழமை மாலை, பி.பி.சி. நிறுவனம் இத்தொடரைத் தொடங்கியது. சிறுவரும் பெற்றோரும் ஒருங்கிருந்து காண்பதற்கென அமைந்தது அது. கதைத்தலைவரோடு காலவெளியில் பயணம் செய்பவருள் ஒருவர் அறிவியல் ஆசிரியர்; மற்றொருவர் வரலாற்று ஆசிரியை. விளையாட்டாகவே கல்வியும் புகட்டவேண்டும் என்னும் நோக்கம் அதிலிருந்தே விளங்கும். வெரிட்டி லாம்பர்ட் என்னும் இளம்பெண் தயாரிப்பாளர். லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசேன் முதற்கதையின் இயக்குநர்.

முதல் டாக்டராக நடித்தவர் வில்லியம் ஹார்ட்னெல். மூன்றாண்டுகளில் அவர் உடல்நலம் குன்றியது. தலைவர் இல்லாமல் தொடர் எவ்வாறு நடக்கும்? டாக்டர் வேற்றுலகத்தவர், உடல் தளரும்போது புதிய உடல் பெறுவார் என்று 1966இல் கதை வகுத்தனர். பேட்ரிக் டிரௌட்டன் இரண்டாம் டாக்டரானார். நோயொன்று கற்பித்த வழி, தொடருக்கு நீண்ட வாழ்வளித்தது. ஒரே மனிதரின் இளமையும் முதுமையும் ஒரே மேடையில் சந்திக்கும் வாய்ப்பும் அதனாலேயே பிறந்தது.

மூன்று டாக்டர்கள்

அவ்வாய்ப்பை முதலிற் பயன்படுத்தியது, 1972 டிசம்பர் 30 முதல் நான்கு வாரங்கள் ஒளிபரப்பான ‘மூன்று டாக்டர்கள்’. அப்போதைய டாக்டர் ஜான் பெர்ட்வீ. டிரௌட்டன் மீண்டு வந்தார். இருவரும் சண்டைக்கோழிகளைப்போல் வாதிடும் காட்சிகள் இன்றும் சுவை குன்றாதன. ஆயின், ஹார்ட்னெல்லின் நிலை வேறு. நோயினால் அவருடைய நினைவாற்றல் தளர்ந்திருந்தது. நாற்காலியில் அமர்த்தி, வசனத்தைப் பெரிய அட்டைகளில் எழுதிக் காட்டிப் படம்பிடித்தனர். கதையில் அவர் ஒரு திரையில் மட்டும் தோன்றி, இளையவர் இருவரையும் கண்டித்து அறிவுரை கூறுவார். அதுவே அவர் நடித்த இறுதி வேடம். 1975இல் அவர் மறைந்தார்.

நினைவைக் கொண்டாடும் நாடகத்தில், நினைவை இழந்துகொண்டிருந்த கலைஞர்! இதைவிடக் கொடிய முரண் வேண்டுவதில்லை. ஆயினும், நாடகம் அவரைக் காட்சிப்பொருளாக்கவில்லை. அவரால் இயன்றதை அளந்தறிந்து, அவ்வளவுக்கே இடமளித்தது. அவ்விடத்தையும் மூத்தவருக்குரிய இடமாகவே வைத்தது. அவர் சொல்லுக்கு இளையவர் இருவரும் அடங்குகின்றனர்.

கதையின் பகைவனும் கருதத்தக்கவன். ஒமேகா என்பான் தன் இனத்தார்க்குக் காலத்தை வெல்லும் ஆற்றலைத் தேடித் தந்தவன். அவனை மாண்டவனாகக் கருதி, அவர்கள் பெருவீரனாகப் போற்றினர். அவனோ வேறோர் அண்டத்தில் தனியே சிறைப்பட்டுக் கிடந்தான். முகமூடியை எடுத்தால் உள்ளே முகமே இல்லை. மன உறுதி ஒன்றே எஞ்சியிருக்கிறது. புகழ்மாலை சூட்டிவிட்டு ஆளை மறந்துவிடுதல் எத்தகைய கொடுமை என்பதைச் சிறுவரும் உணருமாறு இக்கதை காட்டுகிறது. முடிவில் டாக்டர்மீது விதிக்கப்பட்டிருந்த நாடுகடத்தல் தண்டனை நீங்குகிறது. அவர் மறுபடியும் பயணம் போகலாம். பழமையைப் போற்றிய விழா, புதுமைக்கும் கதவு திறந்துவிட்டது.

ஐந்து டாக்டர்கள்

1983 நவம்பரில் வெளிவந்த ‘ஐந்து டாக்டர்கள்’, தொண்ணூறு நிமிட நாடகம். டெரன்ஸ் டிக்ஸ் எழுதியது. இதனை அன்போடு நினைப்பவர் பலர். பழைய முகங்களும் பழைய பகைவர்களும் வரிசையாக வருவதே அதற்குக் காரணம். அவ்வரிசையே அதன் குறையும் ஆகும். வந்தவர்க்கெல்லாம் இலை போட்டார்கள்; பரிமாற நேரமில்லை.

நாடகத்தின் முகப்பில் ஹார்ட்னெல் 1964இல் நடித்த காட்சியொன்று வருகிறது. பேத்தி சூசனைப் பிரிகையில், ஒருநாள் திரும்பி வருவேன் என்று முதல் டாக்டர் வாக்களிக்கும் காட்சி அது. பின்னர் இந்நாடகத்தில் சூசனும் வருகிறாள். ஹார்ட்னெல்லின் வேடத்தை ரிச்சர்ட் ஹர்ண்டால் திறம்பட ஏற்றிருக்கிறார். ஆனால், பாட்டனும் பேத்தியும் இத்தனை காலப் பிரிவைப்பற்றி மனம்விட்டுப் பேசும் காட்சி ஒன்றுகூட இல்லை. வாக்குறுதியைத் தலைவாசலில் எழுதி வைத்துவிட்டு, வீட்டுக்குள் அதை மறந்துவிட்டனர்.

நான்காம் டாக்டர் டாம் பேக்கர் நடிக்க இசையவில்லை. தொடரைவிட்டு நீங்கி இரண்டாண்டே ஆகியிருந்த காலம் அது. 1979இல் வேலைநிறுத்தத்தால் முற்றுப்பெறாமல் நின்ற ஒரு கதையின் துண்டுகளைச் சேர்த்து அவரைத் தோன்றச் செய்தனர். விளம்பரப் படத்துக்கு அவருடைய மெழுகுச்சிலையைக் கொண்டுவந்து நிறுத்தினர். கதையிலோ, சாகாவரம் வேண்டியவன் கல்லாகச் சமைந்துவிடுகிறான்! இழப்பை ஏற்க மறுப்பவன் சிலையாவான் என்று கதை சொல்கிறது; அக்கதையைச் சொன்னவர்களே ஒரு சிலையை நிறுத்தி இழப்பை மறைக்கப் பார்த்தனர்.

1989இல் தொடர் நின்றது. 1993இல் அறக்கொடை நிகழ்ச்சியொன்றுக்காக இரு சிறு பகுதிகள் ஆக்கினர். நோக்கம் நன்று, கதை என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை.

டாக்டரின் நாள்

2005இல் தொடர் புத்துயிர் பெற்றது. 2013 நவம்பர் 23 அன்று 94 நாடுகளில் ஒருங்கே ஒளிபரப்பானது ஸ்டீவன் மொஃபாட் எழுதிய ‘டாக்டரின் நாள்’. மாட் ஸ்மித், டேவிட் டென்னன்ட், ஜான் ஹர்ட் மூவரும் டாக்டர்கள். பெரும்போரை நிறுத்தத் தன் தாயுலகையே அழித்த பழி டாக்டருக்கு உண்டு. அன்று அங்கிருந்த குழந்தைகள் எத்தனை பேர்? ஒருவர் எண்ணிப் பார்த்திருக்கிறார்: 247 கோடி. அவருக்குப் பின்வந்தவரோ அந்த எண்ணை மறந்துவிட்டார். ஒரே மனிதரின் இரு வயதுகள் ஒன்றையொன்று நோக்கி வெட்கும் அக்காட்சி, ஆண்டுவிழா நாடகங்களிலெல்லாம் ஆழமானது.

ஆனால், இறுதியில் டாக்டர்கள் எல்லாரும் ஒன்றுகூடி அவ்வுலகைக் காத்துவிடுகின்றனர். எட்டாண்டுகளாகத் தொடர் சுமந்து வந்த துயரம் ஒரே நாழிகையில் கரைகிறது. விழாநாளில் யாரும் அழவேண்டாம் என்னும் பெருந்தன்மை இது. எனினும், துயரின் மதிப்பு குறைந்துபோயிற்று என்பாரின் கூற்றும் தள்ளத்தக்கதன்று. அக்குறையை ஒருவாறு ஈடுசெய்வது கடைசிக் காட்சி. 1983இல் வர மறுத்த டாம் பேக்கர், 79 வயதில், அருங்காட்சியகக் காப்பாளராக வந்து நிற்கிறார். முதுமையை மறைக்காத முகம்; மெழுகுச்சிலைக்கு முப்பதாண்டு கழித்து வந்த விடை.

2023இல் வந்த மூன்று சிறப்பு நாடகங்களுள் இரண்டாவது, சக்கரநாற்காலியில் அமர்ந்த பெர்னார்டு கிரிப்பின்ஸோடு முடிகிறது. ஒளிபரப்புக்கு முன், 2022இலேயே அவர் மறைந்துவிட்டார். ஹார்ட்னெல்லின் நாற்காலியை அது நினைவூட்டாமற் போகாது.

காத்தவர் யார்?

இவை யாவற்றுள்ளும் முதலிடம் பெறத்தக்கது முதல் நாடகமே. பின்வந்தவற்றில் பொருட்செலவு மிகுதி, கைத்திறனும் மிகுதி. ஆனால் மூத்தவரின் தளர்ச்சியை மறையாமல், அவர் மதிப்பையும் குறையாமல் காத்த நேர்மை முன்னதற்கே உரியது.

நினைவின் ஆற்றலை எளிதாக எண்ணுபவர் ஒன்றை அறியவேண்டும். 1960களில் ஒளிபரப்பான பகுதிகள் பலவற்றின் நாடாக்களைப் பி.பி.சி.யே அழித்துவிட்டது. அழிந்த பகுதிகளின் ஒலி மட்டும் முழுமையாக எஞ்சியிருக்கிறது. காரணம், வீட்டிலிருந்தபடியே ஒலிப்பதிவுக் கருவியில் அவற்றைப் பதிந்துவைத்த இளம் ரசிகர்கள் சிலர். முழுக்கதையொன்று 1992இல் ஹாங்காங்கிலிருந்து கிடைத்தது. உரிமையாளர் எறிந்ததை அன்பர்கள் காத்தனர். விழா நாடகங்கள் உண்மையில் கடன்பட்டிருப்பது அவர்களுக்கே. அக்கடனைத் தீர்க்கும் வழி, பழைய முகங்களை வரிசையாக நிறுத்துவதன்று. அச்சிறுவர்கள் அன்று கேட்டு வியந்ததுபோல், இன்றைய சிறுவரும் கேட்டு வியக்கத்தக்க நல்ல கதையொன்றைச் சொல்வதேயாகும்.