கூட்டத்தோடு தவறினால் வேலை தப்பும்

பிலடெல்பியாவின் ஜானி மாண்ட்கோமரி ஸ்காட் என்ற புரோக்கர் நிறுவனம் 1990 மார்ச்சில் மார்வின் ராஃப்மன் என்ற பங்கு ஆய்வாளரை வேலையிலிருந்து நீக்கியது. அட்லாண்டிக் சிட்டியில் டொனால்ட் டிரம்ப் திறக்கவிருந்த தாஜ்மஹால் சூதாட்ட விடுதி தாக்குப்பிடிக்காது என்று அவர் பத்திரிகையிடம் சொல்லிவிட்டார். டிரம்ப் வழக்குப் போடுவேன் என்று மிரட்டினார். மறு ஆண்டே விடுதி திவால் மனு கொடுத்தது. நடுவர் மன்றம் ராஃப்மனுக்கு ஏழரை லட்சம் டாலர் வாங்கித் தந்தது. சரியாகச் சொன்னவருக்கு வேலை மிஞ்சவில்லை.

கணிப்பு பிசகியதற்காக ஆய்வாளரை வெளியே தள்ளக் கூடாது என்பதில் எனக்கு மறுப்பில்லை. நாளைய லாபத்தை எவர் அறிவார்? கணக்குகளைக் கிண்டி, போட்டியாளர்களை விசாரித்து அவர்கள் எழுதும் துறை அறிக்கைகளுக்குப் பெரிய மதிப்புண்டு. விவரமறிந்த நிதி மேலாளர்கள் அந்த அலசலைத்தான் படிக்கிறார்கள். ‘வாங்கு’, ‘விற்றுவிடு’ என்ற முத்திரையைப் பார்த்து ஏமாறுவது சில்லறை முதலீட்டாளர்தான்.

சிக்கல், வேலை எதற்காகப் போகிறது என்பதில் இருக்கிறது. ஹாரிசன் ஹாங், ஜெஃப்ரி குபிக் ஆகியோரின் ஆய்வுகள் இரண்டு செய்திகளைச் சொல்கின்றன. கூட்டத்தை விட்டு விலகிக் கணிக்கும் இளம் ஆய்வாளருக்கு வேலை போகும் ஆபத்து மூத்தவர்களைவிட அதிகம். தன் வங்கியே சந்தைக்குக் கொண்டுவந்த பங்குகளை ஆராய்பவருக்கோ, துல்லியத்தைவிட நம்பிக்கையூட்டும் கணிப்பே உயர்வு தருகிறது. எல்லாரோடும் சேர்ந்து தவறினால் கேட்பாரில்லை.

டாட்காம் சரிவுக்குப் பின், மெரில் லிஞ்சின் ஆய்வாளர் ஹென்றி பிளாட்ஜெட் ஊருக்குப் பரிந்துரைத்த பங்குகளையே உள் மின்னஞ்சல்களில் இகழ்ந்தது அம்பலமானது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் 40 லட்சம் டாலர் கட்டிய அவருக்கு இத்தொழிலில் வாழ்நாள் தடை. 2003இல் இத்தகைய புகார்களைத் தீர்க்கப் பத்து நிறுவனங்கள் சுமார் 140 கோடி டாலர் கட்ட உடன்பட்டன. வங்கிப் பிரிவு ஆய்வாளரின் சம்பளத்தைத் தீர்மானிப்பதும் நின்றது. நல்ல சீர்திருத்தம்தான், ஆனால் பாதி. ஆய்வு தனியாகப் பணம் ஈட்டுவதில்லை. கடுமையாக எழுதினால் நிறுவன நிர்வாகிகள் போனை எடுக்க மாட்டார்கள். அந்த அச்சத்தை, ஆய்வுக்கும் வங்கிப் பிரிவுக்கும் இடையே எழுப்பும் எந்தச் சுவர் தடுக்கும்?

ஆய்வாளரின் பழைய பரிந்துரைகளையும் விலை வரைபடத்தையும் அறிக்கையில் அச்சிட வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் ஏற்கெனவே உண்டு. அவை கடைசிப் பக்கங்களின் பொடி எழுத்துக்குள் கிடக்கின்றன. டார்கெட் விலைக்குப் பக்கத்திலேயே, முதல் பக்கத்தில், அவற்றைப் போடச் சொல்லலாம்.